யார் தலையை யார் தொடுவது

1948 நவம்பர் 29. தில்லியில் அரசியல் நிர்ணய சபை, வரைவு அரசியல் சட்டத்தின் 9-ஆவது பிரிவை விவாதித்துக்கொண்டிருந்தது. மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் பார்த்து எவரையும் கடையிலோ உணவு விடுதியிலோ கேளிக்கை இடத்திலோ தடுக்கக் கூடாது என்று சொன்ன பிரிவு அது. இன்று 15-ஆவது பிரிவாக இருக்கிறது. 'கடை' என்பது எதுவரை என்று சபையில் கேள்வி எழுந்தது. தேடி வருகிற எவருக்கும் தன் சேவையைத் தர ஒருவர் தயாராக இருக்கும் இடம் எதுவோ அதெல்லாம் கடைதான் என்று விளக்கினார் அம்பேத்கர். உள்ளே வர விடுவதோடு பொறுப்பு முடிந்துவிடாது. கூலி ஒத்துப்போனால் வேலையையும் செய்து தர வேண்டும். துணி வெளுக்கும் கடையும் சவரக் கடையும் அப்படித்தான் இந்த நாட்டின் அடிப்படைச் சட்டத்துக்குள் வந்தன.

வேறு நாடுகளில் சலூன் சட்டம் என்றால் உரிமம், பயிற்சி, சுத்தம் என்றே கதை தொடங்கும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 1897-லேயே முடிதிருத்துவோருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. நம்மிடம் அதற்கு முந்தைய கேள்வி ஒன்று நின்றது. யார் தலையை யார் தொடலாம்? தொடுகிறவருக்கு வேலை தெரியுமா என்ற கேள்வி மெல்லத்தான் வந்தது. வந்த பிறகும் பழைய கேள்வி தீர்ந்தபாடில்லை. இன்றைக்கு இரண்டும் ஒரே தெருவில் நிற்கின்றன.

பழைய ஏற்பாட்டை நினைத்துப் பார்க்கலாம். விடிந்ததும் சவரக் கருவிப் பையான அடப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர் முடிதிருத்துபவர் வீடு வீடாகப் போவார். திண்ணையில் ஏற முடியாது. கொல்லைப்புறத்திலோ புளியமரத்தடியிலோ குந்தி உட்கார்ந்து, கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு மழிப்பார். கையில் காசு விழாது. அறுவடை முடிந்தால் களத்தில் அளந்து போடுவார்கள். அளக்கிறவர் மனசு போல மரக்கால் நிறையும், குறையும். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு முகம் வழிப்பது, இழவு வீட்டில் சடங்கு செய்வது, சாவுச் செய்தியைப் பக்கத்து ஊருக்குச் சுமந்து போவது எல்லாம் அவர் தலையில். தலை நரைத்த மனிதரை மீசை முளைக்காத பையன் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அவர் அவனைச் 'சின்னய்யா' என்பார். இதைத் தொழில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விலக முடியாத வேலையைத் தொழில் என்று எப்படிச் சொல்வது?

அதே கைகள் கட்டியைக் கீறிச் சீழ் எடுத்தன, பிசகிய எலும்பைச் சேர்த்தன. வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாக ஊரின் பிள்ளைகளை முதலில் கையில் ஏந்தினார்கள். அந்தச் சமூகம் தன்னை 'மருத்துவர்' என்று அழைத்துக்கொள்வதில் வரலாறு இருக்கிறது. 1914-இல் சென்னை மாகாணம் மருத்துவர் பதிவுச் சட்டம் கொண்டுவந்தது. மேல்நாட்டு முறையில் படித்துப் பட்டம் வாங்கியவர்களுக்குப் பதிவேடு, சான்றிதழ் கொடுக்கும் அதிகாரம், அரசு அங்கீகாரம் எல்லாம் கிடைத்தன. கத்தியோடு சேர்ந்திருந்த வைத்தியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தியை விட்டு விலகியது. ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவரிடம் சவரம் மட்டும் மிஞ்சியது. சித்த மருத்துவரான பண்டிதர் எஸ்.எஸ். ஆனந்தம் சுயமரியாதை இயக்கக் காலத்தில் 'மருத்துவன்' என்ற பெயரிலேயே இதழ் நடத்தியதை இந்த இழப்போடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஊருக்குள் எல்லாத் தலையையும் முடிதிருத்துபவர் தொட்டுவிடவும் முடியாது. சேரிக்குப் போய்க் கத்தி பிடித்தால் ஊருக்குள் அவர் கத்திக்கு வேலை இருக்காது. தலித் மக்கள் தங்களுக்குள் ஒருவரை வைத்துக்கொண்டார்கள், அல்லது ஒருவர் தலையை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள். டவுன் பழகிய பிறகு, அடையாளம் தெரியாத கடையைத் தேடி நடந்தார்கள். அங்கும் ஊர்க்காரர் யாராவது உட்கார்ந்திருந்தால் திரும்பி வர வேண்டியதுதான். தலைமுடி வெட்ட ஊர் விட்டு ஊர் போன அப்பாக்களின் பிள்ளைகள் இன்றும் நம்மோடு வேலை செய்கிறார்கள். இதைப் பழங்கதை என்று நினைப்பவர்கள் அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

கத்தி பிடித்தவர்கள் வாயில்லாமலேயே இருந்தார்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. 1890-இல் பம்பாயில் முடிதிருத்துவோர் கூடி, விதவைகளின் தலையை இனி மழிக்க மாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். சமூகச் சீர்திருத்தவாதி புலேயின் சத்தியசோதக இயக்கத்தைச் சேர்ந்த, தொழிற்சங்கத் தலைவரான நாராயண் மேகாஜி லோகண்டே அதற்குத் துணை நின்றார். எந்தச் சட்டமும் அவர்களைக் கேட்கவில்லை. கட்டாயத்தின் பேரில் ஒரு பெண்ணின் தலையைத் தொடுவது பாவம் என்று பட்டது, மறுத்தார்கள். தொடுவதற்கு உள்ள உரிமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த மறுப்பு நினைவுக்கு வரும்.

டவுனில் சலூன் வந்ததுதான் பெரிய மாற்றம். சுழல் நாற்காலி, எதிரும் புதிருமாகக் கண்ணாடி, படிகாரக் கட்டி, வானொலி, மேசையில் அன்றைய நாளிதழ். கூலி காசாகக் கையில் விழுந்தது. கடை முடிதிருத்துபவருடையது. நேரம் பார்த்து வாடிக்கையாளர்தான் காத்திருந்தார், பெஞ்சில். ஒரு காலத்தில் கொல்லைப்புறத்தில் குந்தியவர் நிமிர்ந்து நின்று வேலை செய்ய, பண்ணையார் வீட்டுப் பிள்ளை கழுத்தில் துணி கட்டித் தலைகுனிந்து உட்கார்ந்தார். திராவிட இயக்கப் பத்திரிகைகள் டீக்கடையிலும் சலூனிலும்தான் உரக்கப் படிக்கப்பட்டன. எழுத்துத் தெரியாதவர் கட்டிங்குக்கு உட்கார்ந்தபடியே அரசியல் கேட்டார். அந்த மரபின் மிச்சமாக இன்று தூத்துக்குடியில் ஒருவர் தன் சலூனையே நூலகமாக வைத்திருக்கிறார். 2020-இல் பிரதமரின் வானொலி உரையில் அவரோடு தமிழில் பேச்சு நடந்தது.

சட்டம் சலூனை நெருங்கியது படிப்படியாகத்தான். 1938-இல் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் எம்.சி. ராஜா கொண்டுவந்த சட்டமுன்வரைவு, சென்னை மாகாணத்தில் பொதுக் கிணறு, சாலை, பொது நிறுவனங்கள் ஆகியவற்றில் தீண்டாமைத் தடைகளை நீக்கும் சட்டமானது. 1950-இல் அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையையே ஒழித்தது. 1955-இல் நாடாளுமன்றம் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தை நிறைவேற்றியபோது, 'கடை' என்பதன் விளக்கத்தில் சலவைக் கடையையும் முடிவெட்டும் சலூனையும் பெயர் சொல்லியே எழுதினார்கள். எத்தனையோ கடைகள் இருக்க, இந்த இரண்டைக் குறிப்பிட்டு எழுதியவர்களுக்கு நம் ஊரின் வழக்கம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. உடலில் பட்ட துணியையும் உடலில் வளர்ந்த முடியையும் தொடுகிற இடங்கள் அவை.

1976-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டுக் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. தண்டனையைக் கூட்டினார்கள். ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம் வரை சிறை, 100 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை அபராதம். அந்த 500 ரூபாய் இன்றுவரை 500 ரூபாய்தான். குளிரூட்டிய சலூன் ஒன்றில் ஒரு கட்டிங்குக்கும் தாடி ஒழுங்குபடுத்தவும் அந்தப் பணம் போய்விடும். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்ட பிறகு, பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் கடைக்குள் நுழைய விடாமல் தடுப்பதும் அதன் கீழ் குற்றமானது. அதற்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் கதவு அகலமாகவே திறந்திருக்கிறது.

ஊரில் நடப்பது வேறு. 2020-இல் கர்நாடகத்தின் நஞ்சன்கூடு வட்டத்தில் ஹல்லாரே என்ற ஊரில், தலித் மக்களுக்கு முடிவெட்டினார் என்பதற்காக ஒரு சலூன்காரருக்கு ஆதிக்கச் சாதியினர் 50,000 ரூபாய் தண்டம் விதித்து ஒதுக்கிவைத்த செய்தி வெளியானது. தமிழ்நாட்டிலும் முடிவெட்ட மறுத்த புகார்கள் வருகின்றன, வழக்குகள் பதிவாகின்றன. கைதாகிறவர் பெரும்பாலும் சலூன்காரர். மறுத்தவர் அவர்தான், சட்டப்படி குற்றமும் அவருடையதுதான். அதில் எனக்கு மாறுபாடு இல்லை. நாற்காலியில் உட்கார வந்த இளைஞனைத் திருப்பி அனுப்பிய அவமானத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் 'வெட்டினால் நாங்கள் வர மாட்டோம், கடையைக் காலி செய்' என்று அவரிடம் சொன்னவர்கள் எங்கே? அவர்கள் எதையும் எழுதிக் கொடுப்பதில்லை. கடை இருக்கும் கட்டடம் அவர்களுடையதாக இருக்கும். அவரோ மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ள, ஊருக்கு இரண்டு மூன்று வீடே உள்ள சமூகம். எதிர்த்து நிற்க ஆள்பலம் கிடையாது.

இந்த இடத்தில் சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, தீண்டாமையைக் கடைப்பிடிக்க மறுத்தவரை ஒதுக்கிவைப்பது குற்றம் என்கிறது. நல்ல பிரிவு. ஆனால் அது சொல்வது, தன் சொந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரை ஒதுக்கிவைப்பதைப் பற்றி. ஒரு சாதிக்குள் மனசாட்சியுள்ள ஒருவரைச் சாதிக்காரர்களே தள்ளிவைப்பதை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள். சலூன்காரர் நிலை அப்படியா? அவரை மிரட்டுவது வேறு சாதி. எல்லாருக்கும் வெட்டுவேன் என்று நிமிர்கிறவருக்கு அந்தப் பிரிவு நேராகக் கை கொடுப்பதில்லை. மறுத்தால் சிறை, மறுக்காவிட்டால் ஊர் விலக்கு என்று ஒருவரை நிறுத்திவிட்டு, சமத்துவத்தின் சுமையை அவர் ஒருவர் தோளில் ஏற்றுவது நியாயம் இல்லை.

அரசு அந்தத் தோளுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-இல் வந்தது. அதன் கீழ் அமைந்த முடிதிருத்துவோர் நல வாரியம் பிள்ளைகளின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் முதுமைக்கும் உதவித்தொகை தருகிறது. 2021 செப்டம்பரில் அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டை அடிக்கக் கட்டணம் கிடையாது என்றானபோது, அந்தக் கட்டணத்தில் பங்கு வாங்கிப் பிழைத்தவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தார்கள். களத்து மேட்டில் நெல்லுக்குக் காத்து நின்றவரின் பேரன் வங்கிக் கணக்கில் மாதப் பணம் பார்க்கிறார். இது சின்ன விஷயம் இல்லை.

கரோனா காலத்தில் சலூன்கள் முதலில் மூடிய கடைகளில் சேர்ந்தன, திறக்கும்போது பிந்தின. தொடாமல் செய்ய முடியாத தொழில். வாரியத்தில் பதியாதவர்களுக்கும் 2,000 ரூபாய் உதவி என்று அரசு அறிவித்தது அப்போதுதான். 2020 ஜூன் முதல் தேதி தமிழக அரசு வெளியிட்ட நெறிமுறையில், முடிவெட்ட வருபவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணோடு ஆதார் எண்ணையும் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் மேலங்கி, கைகழுவும் திரவம் என்று சலூனுக்குள் நடப்பதை இவ்வளவு விவரமாக அரசு எழுதியது அரிது. தொற்று தணிந்ததும் அந்தத் தாள்கள் மறைந்தன. சுத்தம் பற்றிய நல்ல பகுதியையாவது வைத்துக்கொண்டிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

சலூன் சுத்தத்தில் நடந்த பெரிய மாற்றமே சட்டத்தால் வந்ததில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். அதன் பிறகு பரவிய பயமும் விழிப்புணர்வுப் பிரசாரமும், தோல்வாரில் தீட்டி எல்லார் முகத்திலும் ஓடிய பழைய சவரக்கத்தியை ஓரம்கட்டின. பிளேடைப் பாதியாக உடைத்துச் செருகும் கத்தி வந்தது. 'அண்ணே, புது பிளேடு போடுங்க' என்று கேட்பது மரியாதைக் குறைவாக இல்லாமல் போனது. கேட்காமலேயே வாடிக்கையாளர் கண் முன்னால் உறையைப் பிரிப்பது தொழில் மரியாதையானது. மஞ்சள் காமாலை வகைகளில் ரத்தத்தால் பரவுபவற்றுக்கும் அது வேலியாக அமைந்தது. அதிகாரி யாரும் வந்து சொல்லவில்லை. தொழிலாளியும் வாடிக்கையாளரும் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்ட விதி அது.

பெண்கள் பக்கம் கதை வேறு விதமாக ஓடியது. எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, மஞ்சள் பூசிக் குளிப்பதோடு வீட்டுக்குள் முடிந்த அலங்காரம், பார்லர் வந்ததும் தெருவுக்கு வந்தது. பக்கத்துத் தெரு அக்கா தன் வீட்டு முன்னறையில் திரை கட்டி 'ஐப்ரோ' எடுத்தார். தையல் மெஷினுக்கு அடுத்தபடியாகப் பெண்ணுக்குக் கைச்சம்பாத்தியம் கொடுத்த வேலை அது என்று தயங்காமல் சொல்வேன். 2000-இல் சென்னையில் ஒரு கடையாகத் தொடங்கிய நேச்சுரல்ஸ் போன்ற நிறுவனங்கள், ஆணும் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் முடிவெட்டிக்கொள்ளும் வழக்கத்தைச் சிறு நகரங்கள் வரை கொண்டுபோயின. சாதி பார்த்து வந்த தொழிலுக்குள் சாதி பார்க்காமல் ஆட்கள் நுழைந்தது இந்தக் கதவு வழியாகத்தான். அழகுக்கலைப் பட்டயம் படித்த யாரும் கத்தரி பிடிக்கலாம். ஆனால் பெயர்ப்பலகையைக் கவனியுங்கள். 'ஸ்டைலிஸ்ட்' என்று எழுதும் இடத்தில் கௌரவமும் பணமும் இருக்கின்றன. அப்பா கற்றுக்கொடுத்த கத்தரியோடு தெருமுனைக் கடையில் நிற்பவருக்கு அந்தப் பெயர் கிடைப்பதில்லை.

சினிமாவில் பெண்ணுக்கு வேறொரு தடை இருந்தது. மும்பைத் திரைத்துறையின் ஒப்பனைக் கலைஞர்கள் சங்கத்தில் ஆண்கள் ஒப்பனை செய்யலாம், பெண்கள் தலையலங்காரம் மட்டும் செய்யலாம் என்று விதி. அரை நூற்றாண்டுக்கும் மேல் அப்படியே நடந்தது. பெண்கள் நுழைந்தால் ஆண்களின் பிழைப்பு போய்விடும் என்று காரணம் சொன்னார்கள். கலிபோர்னியாவில் ஒப்பனைக் கலை படித்துவிட்டு வந்த சாரு குரானாவுக்குச் சங்கம் ஒப்பனைக் கலைஞர் அட்டை தர மறுத்தது, அபராதமும் போட்டது. சங்கத்தார் கண்ணில் படாமல் வேனுக்குள் மறைந்து வேலை செய்ய வேண்டியிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2014 நவம்பர் 10 அன்று நீதிபதிகள் தீபக் மிஸ்ராவும் யு.யு. லலித்தும் அந்த விதியை ரத்து செய்தார்கள். ஐந்து ஆண்டு மகாராஷ்டிரத்தில் குடியிருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதோடு போனது. ஒரு முகத்தில் வண்ணம் பூசுவதற்கு உரிய தகுதி ஆணாகப் பிறப்பது இல்லை என்று சொல்ல இந்த நாட்டில் 2014 வரை காத்திருக்க வேண்டி வந்தது. சினிமா பார்த்து வளர்ந்த நாம் எத்தனை பேர் அந்த விதி இருந்ததையாவது அறிந்திருந்தோம்?

ஆண் கை, பெண் கை என்ற பேச்சு ஸ்பாக்களில் இன்னும் ஓயவில்லை. தில்லியில் 2021-இல், ஓர் ஆணுக்கு ஒரு பெண்ணோ ஒரு பெண்ணுக்கு ஓர் ஆணோ மசாஜ் செய்யக் கூடாது என்று நெறிமுறை வந்தது. உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் எல்லா ஸ்பாக்களிலும் கண்காணிப்புக் கேமரா வைக்க உத்தரவிட்டார். அடுத்த மாதமே, 2022 ஜனவரியில், நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் திருச்சி வழக்கு ஒன்றில் அப்படிக் கேமரா வைப்பது அந்தரங்க உரிமையை மீறும் என்று தீர்ப்பெழுதினார். தவறு நடந்தால் பிடிக்கத் தனிச் சட்டம் இருக்கிறது. முறையாகப் பயின்று முதுகு வலிக்குக் கை வைக்கும் பெண்ணைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்குச் சட்டத்தை ஆயுதமாக்குவது தவறு என்ற பக்கத்தில்தான் நான் நிற்கிறேன்.

சட்டம் கறாராக இருக்க வேண்டிய இடம் வேறு. கத்தி தோலைத் தாண்டும்போது. 2016-இல் சென்னையில் மருத்துவ மாணவர் ஒருவர் முடி நடும் சிகிச்சைக்குப் போய் உயிரிழந்தார். அந்த இடம் சலூன் சேவை என்ற பேரில் நடந்துவந்தது. மயக்க மருந்து, தலைத்தோலில் நூற்றுக்கணக்கான துளைகள், மணிக்கணக்கில் நீளும் வேலை. இது அறுவை சிகிச்சை. 1997-லேயே தமிழ்நாடு தனியார் மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்தச் சட்டம் இயற்றிவிட்டது. அதற்கு விதிகள் வந்ததோ 2018-இல். இடைப்பட்ட இருபத்தோரு ஆண்டுகளில் லேசர் வந்தது, போடாக்ஸ் வந்தது, 'ஹேர் கிளினிக்' என்ற பலகை தெருவுக்குத் தெரு ஏறியது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம், முடி நடும் வேலையைப் பயிற்சி பெற்ற தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் அறுவை மருத்துவரோதான் செய்ய வேண்டும் என்றும், யூடியூப் பார்த்தோ பயிலரங்கில் வேடிக்கை பார்த்தோ கற்றது பயிற்சி ஆகாது என்றும் அறிவுறுத்தியது. யூடியூப் என்று பெயர் சொல்லி எழுத வேண்டிய அளவுக்கு நிலைமை போயிருந்தது. கட்டி கீறிய பரம்பரைக் கையிலிருந்து கத்தியைப் பிரித்த நாட்டில், நூறாண்டு கழித்து, பரம்பரையும் படிப்பும் இல்லாத கைகள் தலைத்தோலைத் துளைத்தன.

கத்தி இல்லாமலும் கெடுதல் நடக்கிறது. தலைமுடிச் சாயத்தில் சேரும் பாராபினைலீன் டையமின் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும். அதனால் முதலில் சிறிதளவு தோலில் தடவிப் பார்க்க வேண்டும், புருவத்திலும் இமையிலும் பூசினால் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் பெட்டியில் அச்சிட வேண்டும் என்பது விதி. வெறும் சம்பிரதாய வரி இல்லை அது. 1930-களில் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற இமைச் சாயத்தால் பெண்கள் கண்ணிழந்த வரலாறு அதற்குப் பின்னால் இருக்கிறது. பார்லரில் சாயம் கிண்ணத்துக்கு மாறிய பிறகு பெட்டியை யார் படிக்கிறார்கள்? கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2023-இல் சிறுநீரக நோயாளிகள் சிலரை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்கள் பூசிய, பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம்களில் வந்து நின்றார்கள். கண்ணைச் சுற்றிப் பூசாத பொருள்களில் பாதரசம் தற்செயலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகள் சொல்கின்றன. லேபிள் இல்லாத டப்பாவில் கைமாறும் கிரீமுக்கு அந்த விதி எட்டுவதில்லை. கறுப்பாகப் பிறந்த பெண்ணுக்கு நாம் கொடுத்த மனக்காயம்தான் அந்த டப்பாவை விற்றுக் கொடுக்கிறது.

ஆகவே உரிமம் வேண்டும் என்ற குரல் இப்போது பலமாக எழுகிறது. மாநகராட்சியின் தொழில் உரிமம் இடத்துக்குத்தான், கைக்கு இல்லை. ஐ.டி.ஐ.யில் அழகுக்கலைப் பாடம் இருக்கிறது, திறன் மேம்பாட்டுச் சான்றிதழ்கள் இருக்கின்றன. எதுவும் கட்டாயம் இல்லை. கட்டாயமாக்கலாம் என்பவர்கள் டெக்சாஸில் நடந்ததை ஒருமுறை படித்துவிட்டுப் பேச வேண்டும். நம் பார்லர்களில் நூலை வாயில் கடித்துப் புருவம் திருத்தும் அதே வேலையை, இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து போனவர்கள் அங்கே கடைகளில் செய்துவந்தார்கள். நூலும் கையும் மட்டுமே கருவி. அதற்கு 750 மணி நேரப் படிப்பும் தேர்வும் வேண்டும் என்றது மாநிலம். படிப்புக்கு ஆயிரக்கணக்கில் டாலர். அதில் 320 மணி நேரம் வரை நூல் வேலைக்குச் சம்பந்தமே இல்லாதது என்று வழக்கில் அரசே ஒப்புக்கொண்டது. 2015 ஜூன் 26 அன்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், அந்தச் சுமை அவர்களுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. படேல் என்ற பெயரில் அந்த வழக்கு இன்று சட்டக் கல்லூரிகளில் பேசப்படுகிறது.

தமிழ்நாட்டில் 'இத்தனை மணி நேரம் படித்தால்தான் கத்தரி பிடிக்கலாம்' என்று ஒரு விதி வந்தால் யார் வெளியே போவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அப்பாவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நின்று கற்றவர்களும், திரை கட்டிய முன்னறையில் ஐப்ரோ எடுக்கும் அக்காக்களும் போவார்கள். கட்டணம் கட்டிப் படித்தவர்கள் நிற்பார்கள். வேலை தெரிகிறதா என்று கையைப் பார்த்துச் சோதிக்கலாம், ஒரே நாளில். பிளேடை எங்கே போடுகிறார், துண்டை எப்படி வெந்நீரில் அலசுகிறார், சாயத்துக்கு முன்னால் தோலில் தடவிப் பார்க்கிறாரா, தலையில் படை கண்டால் மருத்துவரிடம் போகச் சொல்கிறாரா. இவ்வளவும் தெரிந்தவருக்குச் சான்றிதழ் இலவசமாக வீடு தேடி வரட்டும். ஊசி, லேசர், மயக்க மருந்து என்று வந்தால் பேச்சே இல்லை, மருத்துவரும் மருத்துவ நிறுவனப் பதிவும் வேண்டும். பலகையில் உரிம எண்ணைப் பெரிதாக எழுதச் சொல்ல வேண்டும்.

சான்றிதழோடு இன்னொரு காகிதமும் வேண்டும். ஒவ்வொரு சலூனிலும் விலைப்பட்டியல் தொங்குகிறது. அதற்குப் பக்கத்தில், இங்கே எல்லாருக்கும் முடிவெட்டப்படும், தடுப்பவர் மீது புகார் செய்ய இந்த எண் என்று மாவட்ட ஆட்சியர் கையெழுத்தோடு ஒரு பலகையை அரசே மாட்டட்டும். சலூன்காரர் அதைக் காட்டி ஊராரிடம் 'எனக்கு உத்தரவுங்க' என்று சொல்ல முடியும். குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆவது பிரிவில் 'சொந்தச் சமூகம்' என்று நிற்கும் எல்லையை நாடாளுமன்றம் எடுத்துவிட்டு, எல்லாருக்கும் வெட்டியவரை எந்தச் சாதி ஒதுக்கிவைத்தாலும் குற்றம் என்று எழுதட்டும். கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லும் உரிமையாளரும் அதில் வர வேண்டும். 500 ரூபாய் அபராதத்தையும் அப்போதே திருத்திவிடலாம். இந்த விதிகளை எழுத உட்காரும் குழுவில் தோல் மருத்துவரும் வழக்கறிஞரும் இருப்பார்கள். நல வாரியத்தில் பதிந்த முடிதிருத்துபவர்களும், பார்லர் நடத்தும் பெண்களும், முடிவெட்ட ஊர் விட்டு ஊர் போனவர்களும் அவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து பேச வேண்டும்.